சாட்சி எழுப்பிய ஒலி

வெள்ளவத்தைக் கால்வாய் கடலைத் தொடுமுன்
ஒருதரம் தயங்கி வளையும் இடத்தில்
மூன்றாம் மாடியில் இருக்கிறேன்.
பகலில் புதுக்கடை நீதிமன்றத்தில்
தமிழைச் சிங்களமாக்குவேன், சிங்களத்தைத் தமிழாக்குவேன்.
பத்தொன்பது வருடம்.
இன்னொருவர் சொன்னதை "நான்" என்று சொல்லியே
என் குரல் தேய்ந்துவிட்டது.

போன தை மாதம், இரவு இரண்டரை மணி.
வாளித் தண்ணீருக்குள் முகம் புதைத்து
யாரோ சிரிப்பதுபோல் ஒரு சத்தம்.
தவளை இல்லை. நாயும் இல்லை.
கீழ்வீட்டு டிலானி குழாய் அடைப்பு என்றாள்.
பிளம்பர் வந்தார், மூவாயிரம் வாங்கினார், போனார்.
அன்றிரவும் குழாய் சிரித்தது.

நுஸ்ரத்தைக் கண்டது கால்வாய்ப் படியில்.
முழங்கால்வரை பூட்ஸ், பல்லிடுக்கில் டோர்ச்,
மரத்தில் ஒலிப்பதிவுப் பெட்டியைக்
கட்டிக்கொண்டிருந்தாள்.
"கொடுப்புலி, அக்கா. மீன்பிடிப் பூனை.
உங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் நடந்து போகுது."
நாவலையில் ஒரு பணக்கார வீட்டுக் குளத்தில்
எண்பதாயிரம் ரூபாய் மீனைத் தின்றதாம்.
அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

தொண்டை எலும்பைப் பற்றியும் அவள்தான் சொன்னாள்.
சிங்கத்துக்கு அது முழுக்க எலும்பில்லை,
இழுபடும் நார் கலந்தது; அதனால் கர்ச்சிக்கும்.
இதற்கு முழுக்க எலும்பு.
சீறலாம், உறுமலாம், குட்டியை நக்கியபடி குறுகுறுக்கலாம்,
நிலம் அதிரக் கூப்பிட முடியாது.

விடியப்புறம் காற்று வாய்த்தால்
தெஹிவளை மிருகக்காட்சிசாலைச் சிங்கம் இங்கே கேட்கும்.
மைல் கணக்கில் போகும் குரல்,
சுவரிலிருந்து சுவருக்குப் பதினெட்டு எட்டு.
கொடியில் நிற்கும் சிங்கத்தின் வாய்
திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா,
இத்தனை வருடம் அதன் கீழ் வேலை செய்தும்
நான் பார்த்ததில்லை.

பங்குனியில் ஒரு தாபரிப்பு வழக்கு.
யோகமலர், வயது நாற்பத்தொன்று.
கணவர் சிவகடாட்சம் எதிரே, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி.
"இவருடன் மீண்டும் வாழ விருப்பமா?"
கேள்வியை நான் தமிழில் வைத்தேன்.
அவள் வாய் திறக்கவில்லை.
தொண்டையின் அடியிலிருந்து ஒன்று வந்தது.
உயிரெழுத்தில்லை, மெய்யெழுத்துமில்லை.
நீதவான் பேனையை நிறுத்தினார்:
"மொழிபெயர்ப்பாளர்?"
"சாட்சி ஒரு ஒலி எழுப்பினார், கனம் நீதவான் அவர்களே."
"என்ன ஒலி?"

மின்விசிறி சுற்றியது.
ஆம் என்றால் பொய். இல்லை என்றாலும் பொய்.
மூன்று மொழியையும் துழாவினேன்,
கோடைக் கால்வாய்போல் சேறுதான் தட்டுப்பட்டது.
அப்போது பார்த்தேன்,
சிவகடாட்சம் மெதுவாகத்
தலையைக் கவிழ்த்துக்கொண்டதை.
அவருக்கு விளங்கிவிட்டது.
அந்த மண்டபத்தில் அவருக்கு மட்டும்
மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ஃ போட்டுவைத்தேன்.
மூன்று புள்ளி. ஈரச் சேற்றில் பதிந்த
பாதிக் காலடி மாதிரி இருந்தது.

ஞாயிறு இரவு நுஸ்ரத் காதில் ஒலிவாங்கியை மாட்டிவிட்டாள்.
இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம்.
முதலில் தண்ணீர். தூரத்தில் காலி வீதியில் ஒரு ஓட்டோ.
பிறகு அந்தச் சிரிப்பு, மிகக் கிட்ட.
நிறுத்தப் போனேன். "பொறுங்கள்" என்றாள்.
எட்டு விநாடி கழித்து,
அக்கரைப் புல்லுக்குள்ளிருந்து, ஒலிப்பெட்டிக்கு எட்டியும் எட்டாமலும்,
இன்னொன்று.
"என்ன சொல்லுது?" என்று நான் கேட்டேன்.
நான்.
"எங்களுக்கு இல்லையே, அக்கா" என்றாள்.

நேற்றுக் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு
நானும் முயன்றேன்.
நாக்கைப் பின்னுக்கு இழுத்து, வாயை மூடி,
யாருடைய வாக்குமூலமும் இல்லாமல்,
என்னுடையதாக ஒன்று.
கொஞ்சம் வந்தது. தண்ணீர் கலந்து வந்தது.
மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

கீழிருந்து டிலானியின் குறுஞ்செய்தி:
அதே பிளம்பரின் நம்பர்.